அறுபத்தெட்டு

உங்கள் சப்கலெக்டர் ஆபீஸ் காப்பியில் சிக்கரி கொஞ்சம் கூடுதல். குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ராமநாதபுரத்து உப்புத் தண்ணீரில் போடுகிற காப்பிக்கு அதுவும் இல்லாவிட்டால் வாயில் வைக்க முடியாது. உங்கள் குமாஸ்தாவைப் பதறாமல் எழுதச் சொல்லுங்கள். பதினெட்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் ‘சொல்வதை எழுதுதல்’ நடத்துகிறவன் நான். எழுதுகிற கைக்குத் தக்கபடி பேச எனக்குத் தெரியும்.

பெயர் குருநாதன். பி.ஏ., எல்.டி. உச்சிப்புளிக்குத் தெற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர். பாட்டன் காலத்திலிருந்து எங்களுக்கு அங்கே நிலம் உண்டு. என் மேல் வந்திருக்கிற மனுவை வாசித்துக் காட்டினீர்கள். நல்ல கையெழுத்து. பிழையில்லாத தமிழ். அதில்தான் ஒரு மோசடி இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். மற்றபடி மனுவில் கண்டிருப்பது உண்மை. செவ்வந்தி என்கிற கூலிக்காரியைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவன் நான். அவள் மகள் முருகேஸ்வரியை என் வீட்டில் வைத்துக்கொண்டவனும் நான். ஏன் செய்தீர்கள் என்று கேட்டீர்கள். இந்த ஐந்து வருஷத்தில் அப்படிக் கேட்கத் தெரிந்த முதல் ஆள் நீங்கள்தான். ஊரில் இருக்கிறவர்கள் ‘ஐயோ பாவம்’ என்பதோடு சரி. பாவம் பார்க்க மூளை தேவையில்லை பாருங்கள்.

ஐம்பத்துநாலில் மெட்ராஸுக்குப் போய் மூன்று மாதம் புத்தி அளக்கப் படித்து வந்தேன். சிரிக்கிறீர்கள். புத்தியைப் படியில் போட்டா அளப்பது என்று எங்கள் ஊர்க்காரனும் இப்படித்தான் சிரித்தான். புத்தி என்றால் என்ன என்பதில் மனோதத்துவக்காரர்களுக்குள்ளேயே அடிதடி உண்டு, அதை ஒளிக்க விரும்பவில்லை. எல்லா வேலைக்கும் பின்னால் ஒரே பொதுச் சக்தி இருக்கிறது என்பார் ஒருவர். இல்லை, ஏழெட்டுத் தனித்தனிச் சக்திகள் என்பார் இன்னொருவர். புது இடத்தில் திகைக்காமல் நடந்துகொள்வதுதான் புத்தி என்று ஒரு கட்சி. சோதனையில் எது அகப்படுகிறதோ அதற்குப் பெயர்தான் புத்தி, அதற்கு மேல் கேட்காதே என்று ஒரு கட்சி. எனக்குக் கடைசிக் கட்சி பிடித்துப்போயிற்று. ஜுரம் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டா நாம் தெர்மாமீட்டர் வைக்கிறோம்?

திரும்பி வரும்போது ஒரு மரப்பெட்டி கொண்டுவந்தேன். உள்ளே வண்ணக் கட்டைகள், படம் போட்ட அட்டைகள், ஒரு ஸ்டாப் வாட்ச், கேள்விப் புத்தகம். கேள்விகள் வயதுவாரியாக அடுக்கியிருக்கும். ஒன்பது வயதுப் பிள்ளை பன்னிரண்டு வயதுக் கேள்வி வரைக்கும் பதில் சொன்னால் அதன் மன வயது பன்னிரண்டு. மன வயதை நிஜ வயதால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். நூறு வந்தால் சராசரி. எழுபதுக்குக் கீழே வந்தால் மந்த புத்தி. பெரியவர்களுக்கு எத்தனை வயதானாலும் பதினாறு என்று வைத்துத்தான் வகுக்க வேண்டும். அதற்கு மேல் மனிதனுக்குப் புத்தி வளர்வதில்லை என்பது கணக்கு. நம் ஜில்லாவைப் பார்த்தால் பதினாறே தாராளம் என்று தோன்றும்.

நான்கு வருஷத்தில் நானூறு பிள்ளைகளை அளந்தேன். தொண்ணூறு, எண்பத்தைந்து, எழுபத்தெட்டு. அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி வேலை, அரிசிதான் அகப்படவில்லை. ஐம்பத்தெட்டாம் வருஷம் மாசி மாதம் முருகேஸ்வரி வந்து எதிரே உட்கார்ந்தாள். ஒன்பது வயது. எண்ணெய் காணாத தலை. மிளகாய் பொறுக்கிப் பொறுக்கி விரல் நுனியெல்லாம் காந்தல். கண்ணைத் தொடக்கூடாதென்று கைகளை விறைப்பாக மடியில் வைத்திருந்தாள். கட்டைகளைக் கையில் எடுக்குமுன்பே கண்ணால் அடுக்கி முடித்துவிட்டாள். நான் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்தது. மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். நூற்று முப்பத்தெட்டு.

ஸ்டாப் வாட்சை நிறுத்த மறந்துவிட்டேன் என்றால் நம்புவீர்களோ என்னவோ. எனக்குப் பிள்ளை கிடையாது. அது வேறு விஷயம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அவள் தாய் செவ்வந்தி எங்கள் மிளகாய்த் தோட்டத்துக்கும் கூலிக்கு வருகிறவள்தான். புருஷன் பெயர் தனுஷ்கோடி. ஐம்பத்தொன்றில் வேலைக்கென்று வள்ளம் ஏறிச் சிலோன் போனவன், போனவன் போனவன்தான். இவள் அமாவாசைக்கு அமாவாசை பாம்பன் கரையில் போய் நிற்பாள். அக்கரையிலிருந்து வந்து இறங்குகிறவர்களிடமெல்லாம், “எடது புருவத்துல வெட்டுத் தழும்பு இருக்கும். நல்ல ஒசரம். எங்கனயாச்சும் கண்டீகளா?” என்று கேட்பாள். பெயரைச் சொல்ல மாட்டாள். பெயர் சொல்லாமல் ஏழு வருஷமாக ஆள் தேடுகிறவளை என்னவென்று சொல்வது?

பிள்ளையை எங்கள் வீட்டில் விடு, நான் படிக்க வைக்கிறேன் என்று அவளை வரச்சொல்லிக் கேட்டேன். தலைமை ஆசிரியர் ஒரு கூலிக்காரியிடம் கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

“படிக்க வைங்க வாத்தியாரய்யா, கோடிப் புண்ணியம். ஆனா புள்ள எங்கூடத்தான் இருக்கும். அவுக வந்து எம்மக எங்கடின்னு கேட்டா நான் யாரக் காட்டுவேன்?”

மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் இதே பதில். நூற்று முப்பத்தெட்டு, காந்தல் விரலோடு அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போயிற்று. குரங்கு கையில் பூமாலை என்று வாத்தியார்கள் நாங்கள் சும்மா சொல்லுவோம். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். ஒரு பிள்ளையின் மேல் தாய்க்கு உரிமை உண்டு, சரி. அந்த உரிமையைத் தாங்குகிற அளவுக்குத் தாய்க்குப் புத்தி இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? வண்டி ஓட்டுகிறவனுக்கே லைசென்ஸ் கேட்கிற சர்க்கார் இது.

செவ்வந்தியை அளந்தேன். என் அறையில், பகல் பதினோரு மணிக்கு. அம்மாவைத் தனியே விடமாட்டேன் என்று முருகேஸ்வரி வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். அந்தத் தாள் உங்கள் ஃபைலில் இருக்கிறது, ஆனாலும் சில பதில்களைச் சொல்கிறேன், ரசிப்பீர்கள்.

விறகும் கரியும் எந்த விதத்தில் ஒன்று என்று கேட்டேன். இரண்டும் எரியும் என்பது விடை. அவள் சொன்னாள்: “ஒண்ணுலருந்துதான அய்யா இன்னொண்ணு வருது. வெறக அடுக்கி மூட்டம் போட்டா கரி. நான் போட்டுருக்கேன்.” எரியும் என்று சொல்லவில்லை. பூஜ்யம்.

வீடு தீப்பிடித்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது விடை. “புள்ளயத் தூக்கிக்கிட்டு ஆட்ட அவுத்து விடணும். கூரை போனாப் போகுது, ஓலைதான. எங்க ஊர்ல குடிக்கவே தண்ணி இல்ல, தீயில ஊத்த நான் எங்கன போவேன்?” பூஜ்யம்.

உன் புருஷன் பெயர் என்ன? சிரித்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். “புள்ள சொல்லும் அய்யா” என்று வாசலைக் காட்டினாள். பிள்ளை வாயைத் திறந்தது. மூன்றாம் ஆள் உதவக்கூடாது என்று புத்தகத்தில் இருக்கிறது, பேசாதே என்றேன். பூஜ்யம்.

நம் ஊர் வழியாகப் போகிற ரயில் பாம்பன் பாலம் தாண்டி எந்த ஊரில் போய் முடிகிறது? இந்த ஜில்லாவில் தொட்டில் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. “ரயிலு போயி முடியுமே, அந்த ஊரு” என்றாள். பேரைச் சொல் என்றேன். “ரெண்டு பக்கமும் கடலு. ராமரு வில்ல ஊனுன எடம்.” பேர்? “எல்லாரும் போயி முழுகுவாகளே, அய்யா, அங்கன.” பூஜ்யம். சிலோன் கப்பல் எந்த ஊரில் கிளம்பும்? அதற்கும் அதே உளறல். ராமேஸ்வரம் வருகிற யாத்ரீகர்கள் அடுத்து எந்த ஊருக்குப் போய்க் கடலில் நீராடுவார்கள்? முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஸ்டாப் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

அறுபத்தெட்டு வந்தது.

மத்தியானம் சாப்பிடும்போது என் மனைவி சண்முகவள்ளியிடம் இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். அவள் கரண்டியை வைத்துவிட்டாள்.

“அந்தச் செவ்வந்தி எப்படிங்க சொல்லுவா? புருசன் பேரச் சொன்னா அவருக்கு ஆயுசு கொறையும்னு ஊரே நம்புது. அவளோட ஆளு கடல் தாண்டிப் போயி, இருக்காரோ இல்லையோன்னு கெடக்கா. கல்யாணமாயி இருவது வருசமாச்சு, உங்க பேர நான் ஒருக்காவாச்சும் சொல்லியிருக்கேனா? அப்ப எனக்கும் புத்தி இல்லைன்னு எழுதுவீகளா?”

சாப்பிடும்போது பேசாதே என்றேன்.

அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? நானும் இந்த ஊர்க்காரன்தானே. மறைப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது, ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். செவ்வந்தியை நான் அளந்தது ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. முதல் தடவை எழுபத்திரண்டு வந்தது. கோட்டுக்கு இரண்டு புள்ளி மேலே. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டேன். நடுவில் அவள் சரியாகச் சொல்லியிருந்த நாலு கேள்வியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உள்ளூர்க் கேள்வி நாலு எழுதிச் சேர்த்தேன். நாலுக்கும் விடை தனுஷ்கோடி. புத்தகத்தை உள்ளூருக்குத் தக்கபடி திருத்திக்கொள்ளலாம் என்று மெட்ராஸில் அனுமதி உண்டு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், ஜெயித்திருப்பாள். நான் அவள் வாயைக் கட்டவில்லையே. ஏழு வருஷமாகக் காணாத ஒருத்தனின் ஆயுசுக்காகத் தன் பிள்ளையை விட்டுக்கொடுத்தவள் அவள்தான். அது புத்தியா?

அறிக்கை எழுதினேன். பிள்ளை வளர்க்கத் தகுதியில்லாதவள். கடலோடு பேசுகிறாள். கரையில் நிற்கிறாள், வாய் அசைகிறது, இதில் பொய் என்ன? டாக்டர் ஒருவர் எண்ணைப் பார்த்தார், என் பட்டத்தைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை, கையெழுத்துப் போட்டார். மாஜிஸ்திரேட் டாக்டரின் கையெழுத்தைப் பார்த்தார். எண்ணுக்கு இருக்கிற மரியாதையே தனி. அவள் ஊரில் நல்லவள் என்று யாராவது சாட்சி சொல்லியிருந்தால் நாலு நாள் விவாதம் நடந்திருக்கும்.

ரயில் ஏற்றுகிறபோது தொந்தரவு வரக்கூடாது என்று நானே ஒரு யோசனை செய்தேன். சிலோனிலிருந்து உன் புருஷனைப் பற்றிச் சேதி வந்திருக்கிறது, மெட்ராஸில் போய்க் கைநாட்டு வைக்க வேண்டும் என்றேன். மஞ்சள் பூசிக் குளித்து, இருக்கிறதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு உச்சிப்புளி ஸ்டேஷனுக்கு வந்தாள்.

“நெசமா வாத்தியாரய்யா? அவுக நல்லாருக்காகளா?”

நன்றாக இருக்கிறார் என்றேன். மகளின் கன்னத்தை வழித்து, “ரெண்டு நாள்ல வாரேன் தாயி. ஒங்கய்யாவக் கூட்டிக்கிட்டு வாரேன். வாத்தியாரய்யா வீட்டுல சமத்தா இரு” என்றாள். வண்டிக்குள் இரண்டு போலீஸ் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கைநாட்டுக்கு இரண்டு போலீஸ் எதற்கு என்றுகூட அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஜன்னலில் சிரித்துக்கொண்டே போனாள். அறுபத்தெட்டு என்றால் என்ன என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

முருகேஸ்வரி என் வீட்டில் குறைவில்லாமல் வளர்ந்தாள். தனி அறை, விளக்கு, புஸ்தகம், பால். எங்களை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை, ‘இந்தாங்க’ என்பாள். நாற்பது நாள் தினமும் ஸ்டேஷனுக்குப் போய் வந்தாள். பிறகு ஒருநாள் என்னிடம் வந்து, அம்மா ஏன் வரவில்லை என்று கேட்டாள். பொய் சொல்ல வேண்டாமென்று உண்மையை விளக்கினேன். உன் அம்மா அறுபத்தெட்டு. எழுபதுக்குக் கீழே இருக்கிறவர்களை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

“எழுவதுக்குக் கீழ இருந்தா யாரா இருந்தாலும் அங்கனதான் அனுப்புவாகளா?”

யாராக இருந்தாலும் என்றேன். விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்கிற பிள்ளை.

சோதனைத் தாள்களைக் கூட்டுகிற வேலையை அவளிடம்தான் கொடுத்தேன். கேள்விப் புத்தகம் அவளுக்கு மனப்பாடம். தெரிந்தால் என்ன, தன் தலையில் இல்லாததை யாரும் சோதனையில் காட்ட முடியாதே, சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். ஒருநாள் கேட்டாள், ஒரு பிள்ளைக்கு ஒரே தடவையில் நிறையக் குறைந்தால் என்ன எழுதுவது என்று. அது ஜுரமாக இருக்கும், பயமாக இருக்கும், கணக்கில் சேர்க்கக்கூடாது, வருஷாவருஷம் ஒரே சீராக இறங்கினால்தான் உண்மை என்று சொல்லிக் கொடுத்தேன். தலையாட்டிக்கொண்டாள்.

வருஷத்துக்கு ஒரு தடவை அவளை அளந்தேன். முதல் வருஷம் நூற்று முப்பத்தெட்டு, சொன்னேன். அடுத்தது நூற்று இருபத்துநாலு. அப்புறம் நூற்றுப் பத்து. தொண்ணூற்றாறு. எண்பத்திரண்டு. வருஷத்துக்குப் பதினான்கு, கூடவும் இல்லை குறையவும் இல்லை. கிராஃப் தாளில் புள்ளி வைத்துச் சேர்த்தேன், அடிமட்டம் வைத்து இழுத்த மாதிரி நேர்கோடு. இப்படியொரு சுத்தமான சரிவை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. மெட்ராஸுக்கு அனுப்பக் கட்டுரைகூட எழுதத் தொடங்கினேன். பாலும் விளக்கும் கொடுத்தால் என்ன, தாயின் ரத்தம் உள்ளே இருந்து இழுக்கிறது. விரை ஒன்று போடச் சுரை ஒன்றா முளைக்கும்? எனக்கு வருத்தமில்லை என்று சொல்ல மாட்டேன். நெஞ்சு வலித்தது. ஆனால் நான் சொன்னதுதான் நிரூபணமாயிற்று.

இந்த ஆனி மாதம் கடைசியாக அளந்தேன். பதினாலு வயது. நேராக உட்கார்ந்து என் கண்ணைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். ரயில் எந்த ஊரில் போய் முடிகிறது என்று கேட்டேன்.

“ரயிலு போயி முடியுமே, அந்த ஊரு” என்றாள்.

பேரைச் சொல் என்றேன்.

“ரெண்டு பக்கமும் கடலு. ராமரு வில்ல ஊனுன எடம். எல்லாரும் போயி முழுகுவாகளே, அங்கன.”

தாயின் வார்த்தை, ஒன்று மாறாமல், அதே வரிசையில். ரத்தம் எப்படிப் பேசுகிறது பாருங்கள். பூஜ்யம் போட்டேன். அவளே தாளை வாங்கிக் கூட்டினாள். வகுத்தாள். அறுபத்தெட்டு என்று எழுதி அடிக்கோடு போட்டு என் முன்னால் வைத்தாள்.

“எழுவதுக்குக் கீழ வந்திருச்சு. இப்ப என்னய எங்கம்மாகிட்ட அனுப்புங்க.”

தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தேன். பதில் என் பீரோவில் இருந்தது. இதோ, கொண்டுவந்திருக்கிறேன், ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கார்த்திகையில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கார்டு. செவ்வந்தி வயிற்றுப்போக்கில் இறந்துபோனாள், உரியவர்கள் வராததால் அவர்களே அடக்கம் செய்துவிட்டார்கள். பிள்ளையின் படிப்பு கெடும் என்று பூட்டி வைத்தேன். அவளிடம் சொல்ல வேண்டுமென்றால் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு அந்த மாதிரிக் காட்சிகள் ஒத்துக்கொள்ளாது.

பதிலுக்கு ஒரு மாதம் காத்திருந்தாளாம். பிறகு இந்த மனு. ‘எந்த எண்ணுக்காக என் தாயை அனுப்பினார்களோ அதே எண் எனக்கும் வந்திருக்கிறது. தலைமை ஆசிரியர் அவர்களே ஆறு வருஷம் முறைப்படி அளந்து கையெழுத்திட்ட தாள்களை இணைத்திருக்கிறேன். விதி எல்லோருக்கும் ஒன்று என்பதால், என்னையும் அதே ஆஸ்பத்திரிக்கு, என் தாய் இருக்கும் அதே வார்டுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.’ மறுக்க ஒரு ஓட்டை இல்லாத வாசகம். வக்கீல் எழுதினால்கூட இவ்வளவு சுருக்கமாக வராது.

நேற்று அவளை இங்கே வரவழைத்து, உங்கள் எதிரிலேயே இன்னொரு தாளில் எழுதச் சொன்னதாகவும், அதே கையெழுத்தில் அதே வாசகம் வந்ததாகவும் சொல்கிறீர்கள். நீங்கள் சின்ன வயது, அனுபவம் போதாது. யாராவது சொல்லிக் கொடுத்து உருப்போட்டிருப்பாள். என் மனைவிமேல் எனக்குச் சந்தேகம் உண்டு, இரண்டு மாதமாக அவள் என்னோடு பேசுவதில்லை.

மற்றதையெல்லாம் நான் ஒப்புக்கொண்டேன். கிழித்த தாள், சேர்த்த கேள்விகள், ஸ்டேஷனில் சொன்ன பொய், பீரோவில் பூட்டிய கார்டு, எதையும் மறுக்கவில்லை. கையெழுத்துப் போடத் தயார். ஒன்றே ஒன்றை மட்டும் உங்கள் குமாஸ்தா நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளட்டும். இந்த மனுவை முருகேஸ்வரி எழுதியிருக்க முடியாது. நான் அவளை அளந்திருக்கிறேன்.